நகலா, தழுவலா, பாணியா?

1598-ல் ஒரு பெண் தைத்த பூத்தையல் துணியைப் பார்த்து இன்று நீங்கள் அதே மாதிரி ஒன்று தைக்கிறீர்கள். அதற்கு என்ன பெயர்? "காப்பி, வேறென்ன" என்றுதான் நானும் நினைத்தேன். தோண்டத் தோண்டத்தான் விவகாரம் புரிந்தது.

நான் சொல்வது சாம்ப்ளர் பற்றி. மாதிரி என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் இருந்து வந்த பெயர். டிசைன் புத்தகங்கள் அரிதாக இருந்த காலத்தில், இங்கிலாந்துப் பெண்கள் தையல் வகைகளையும் பூ வேலைகளையும் லினன் துணியில் தைத்துச் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். தேவைப்படும்போது பிரித்துப் பார்க்கலாம். 18-ம் நூற்றாண்டில் இது சிறுமிகளின் பாடமாகவே ஆகிவிட்டது. எழுத்துகள், எண்கள், ஒரு வீடு, கடைசியில் தைத்தவள் பெயர், வயது, ஆண்டு. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள்.

இவற்றைப் பார்த்துப் புதிதாகத் தைப்பவர்கள் முக்கியமாக மூன்று சொற்களைப் பயன்படுத்துகிறார்கள். ரீப்ரொடக்‌ஷன் என்றால் நகல்: இழைக்கு இழை, தப்புக்குத் தப்பு. அடாப்டேஷன் என்றால் தழுவல்: மூலம் ஒன்று உண்டு, ஆனால் கை வைத்திருக்கிறோம். மூன்றாவது 'பழைய பாணியில்': மூலமே கிடையாது, பழசு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். (நம் சினிமாக்காரர்கள் இவ்வளவு ஒழுங்காகப் பிரித்துச் சொன்னால் எப்படி இருக்கும்! :-))

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? பழைய சாம்ப்ளர்கள் பலவற்றில் ஜே, யூ என்ற எழுத்துகளே இருக்காது. ஐ-யும் ஜே-யும் ஒரே எழுத்தாகவும், யூ-வும் வி-யும் ஒரே எழுத்தாகவும் கருதப்பட்ட வழக்கம் அது. இன்று ஜூலி என்பவள் தன் பெயரைத் தைக்க வேண்டுமே என்று டிசைனர் ஒரு ஜே சேர்க்கிறார். தப்பில்லை. ஆனால் அதை நகல் என்று விற்றால், அந்த ஜே-யை 17-ம் நூற்றாண்டுச் சிறுமி தலையில் கட்டுகிறோம். கோணலாகப் போன ஓரக்கொடியை நேராக்கினாலும் இதே கதைதான். அந்தக் கோணல்தான் அவள் கை.

பெயரும் ஆண்டும் இன்னும் சிக்கல். நல்ல நகலில் மூலச் சிறுமியின் பெயரும் ஆண்டும் அப்படியே இருக்கும். துணியைத் தேநீரில் நனைத்துப் பழுப்பாக்குகிறவர்களும் உண்டு. ஐம்பது வருடம் கழித்து அது ஒரு பழைய பொருள் கடைக்கு வந்தால் யார் கண்டுபிடிப்பது? தைத்தவர் தன் முதலெழுத்தையும் ஆண்டையும் எங்காவது ஓர் ஓரத்தில் தைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்திலேயே சில பெண்கள், வளர்ந்த பிறகு வயது தெரியக்கூடாது என்று, தங்கள் சாம்ப்ளரில் இருந்த ஆண்டின் இலக்கங்களைப் பிரித்து எடுத்திருக்கிறார்கள். அதை நகலெடுப்பவர் ஆண்டை நிரப்புவதா, காலியாக விடுவதா?

முதலில் சொன்ன 1598-க்கு வருகிறேன். ஜேன் போஸ்டாக் என்ற பெண் தைத்தது அது. தேதி குறிக்கப்பட்ட ஆங்கிலேய சாம்ப்ளர்களில் நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1960-ல் வாங்கியது. 1596 நவம்பர் 23 அன்று ஆலிஸ் லீ என்ற குழந்தை பிறந்த செய்தி அதில் தைக்கப்பட்டிருக்கிறது. பட்டு நூல், உலோக நூல், முத்துகூட உண்டு.

அந்தத் துணியில் சில இடங்களில் நூல் இல்லை, ஊசித் துளைகள் மட்டும் இருக்கின்றன. உற்றுப் பார்த்தால் முதுகில் கோட்டை சுமக்கும் ஒரு யானை, ஓர் அணில், ஓர் அண்டங்காக்கை. தைத்த பிறகு பிரிக்கப்பட்டவை.

யானையை மறுபடி தைத்தால் அது நகலா? இன்று இருக்கும் துணியில் யானை இல்லை. தழுவலா? நாமாக எதையும் சேர்க்கவில்லையே, அவள் ஊசி போன தடத்தில்தானே போகிறோம். 'பாணி' என்று சொல்லவே முடியாது. மீட்டமைப்பு என்று நாலாவதாக ஒரு சொல் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த யானை வேண்டாம் என்று ஜேனே முடிவு செய்து பிரித்திருந்தால்?