தத்தகாரத்தில் நின்ற பாட்டு: மால்குடிப் பள்ளியும் மீண்டு வரும் தொடர்களின் இசையும்

பள்ளிக்கூடத்தைக் களமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடரில் இசை யாருடைய குரலாக ஒலிக்கிறது என்ற கேள்வியை ஆய்வாளர்கள் பெரும்பாலும் அமெரிக்க மாதிரியை முன்வைத்தே எழுப்பி வந்துள்ளனர். 2009 முதல் 2015 வரை ஆறு பருவங்களாகத் திரும்பத் திரும்ப வந்த ‘க்ளீ’ தொடரில், ஒஹையோ மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் பாடகர் குழு மாணவர்கள் தங்கள் ஏக்கத்தையும் அவமானத்தையும் மேடையேறிப் பாடித் தீர்த்துக்கொள்கின்றனர். இந்த மாதிரியை அளவுகோலாகக் கொண்டால் இந்தியத் தொலைக்காட்சியில் பள்ளி இசைநாடகம் என்ற வகையே உருவாகவில்லை என்ற முடிவுக்கு வர நேரும். பெங்களூருவைச் சேர்ந்த கலைஞர்கள் 1986-87 காலத்தில் உருவாக்கிய ‘மால்குடி டேஸ்’ தொடரைச் செவிகொடுத்துக் கேட்டால் அந்த முடிவு பிழையானது என்பது புலப்படும்.

பாடும் சிறுவன் தமிழ் மேடைக்குப் புதியவன் அல்லன். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் அதை ஒட்டி எழுந்த பாய்ஸ் கம்பெனிகளும் பள்ளி வயதுச் சிறுவர்களைக் கொண்டே முழு இசைநாடகங்களை நடத்தின. இசைநாடகம் என்பது கதைமாந்தர் தம் பாட்டைத் தாமே பாடி, உரையாடலையும் பாட்டையும் பிரிக்க முடியாதபடி பின்னிச் செல்லும் நாடக வடிவம். வாத்தியார் என்று அழைக்கப்பட்ட பயிற்சியாசிரியரின் கீழ், சபையே அச்சிறுவர்களுக்குப் பள்ளியாகவும் விடுதியாகவும் இருந்தது. பருவ வயதில் குரல் உடைவதை நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்றனர். அது நேர்ந்த சிறுவன் கதாநாயக வேடமான ராஜபார்ட்டையோ பெண் வேடமான ஸ்திரீபார்ட்டையோ இழந்தான், சில வேளைகளில் சபையையே விட்டு வெளியேறினான். உயர்நிலைப் பள்ளிப் பருவமும் குரல் மாறும் பருவமும் ஒன்றே என்பதால், அந்த வயதினரைப் பாடவைக்கும் எந்தக் கலையும் நிலைக்காத ஒன்றின்மேல் கட்டப்படுவதாகும். பெரும்பாலும் இருபது வயதைக் கடந்த நடிகர்களை மாணவர்களாக்கி ‘க்ளீ’ இச்சிக்கலைத் தாண்டியது. மால்குடியைப் படமாக்கியவர்கள் முற்றிலும் வேறொரு வழியில் சென்றனர்.

எழுத்தாளர் ஆர். கே. நாராயண் 1930இல் பாட்டி குறித்துக் கொடுத்த நல்ல நாளில், பெங்களூருவில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எழுத உட்கார்ந்தபோதுதான் மால்குடி என்ற ஊரும் அதன் ரயில் நிலையமும் அவர் மனத்தில் தோன்றின. அந்தத் தொடக்கத்திலிருந்து வளர்ந்து 1935இல் வெளியான ‘சுவாமியும் நண்பர்களும்’ நாவலில் சுவாமிநாதன் ஆல்பர்ட் மிஷன் பள்ளியில் முதல் ஃபாரம் ஏ பிரிவில் படிக்கிறான். ஃபாரம் என்பது அக்காலத்தில் உயர்நிலைப் பள்ளி வகுப்புகளுக்கு வழங்கிய பெயர். இன்றைய ஆறாம் வகுப்பே முதல் ஃபாரம். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் இயக்குநர் சங்கர் நாக் இக்கதையை ‘மால்குடி டேஸ்’ தொடருக்காக ஷிமோகா மாவட்டத்து ஆகும்பேயில் படமாக்கினார். சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத்தும் தந்தையாகக் கிரீஷ் கர்னாடும் நடித்தனர். தலைப்புப் படங்களை நாராயணின் தம்பி ஆர். கே. லக்ஷ்மண் வரைய, எல். வைத்தியநாதன் இசையமைத்தார்.

இந்தக் கூட்டுப்பணியில் மொழி எத்தனை முறை கைமாறியது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு மைசூரில் வாழ்ந்தவர் கதையை ஆங்கிலத்தில் எழுதினார். கன்னட நாடகமேடையிலும் திரையிலும் தேர்ந்தவர்கள் அதில் நடித்தனர். தூர்தர்ஷனின் தேசிய ஒளிபரப்பில் அது முதன்மையாக இந்தி பேசியது, தொடக்கப் பகுதிகளுக்கு மட்டும் ஆங்கில வடிவமும் இருந்தது. சுவாமிநாதன் என்ற பெயருடைய சிறுவன் தன் பாட்டியிடம் இந்தியில் பேசுவதைத் தமிழ் வீடுகளும் கன்னட வீடுகளும் கேட்டன. இந்த இழப்பு சிறியதன்று, தொடரின் அழகைப் போற்றுவோர் இதைக் கடந்து போய்விடுவது வருந்தத்தக்கது. வீட்டுக்குள் புழங்கும் பேச்சில்தான் ஒரு சிறுவனின் பிடிவாதமும் கொஞ்சலும் உயிர்கொள்கின்றன.

மொழிமாற்றம் தொடாத ஒரே கூறு தொடக்க இசை. மெட்டுக்குப் பாட்டெழுதும் திரையுலக வழக்கத்தில், இசையமைப்பாளர் பொருளற்ற அசைகளால் மெட்டின் நெடில் குறில்களைக் கவிஞருக்குக் காட்டுவார். அதற்குத் தத்தகாரம் என்று பெயர். கவிஞரின் சொற்கள் வந்ததும் தத்தகாரம் மறைந்துவிடும், கேட்பவர்கள் அதை அறிவதே இல்லை. வைத்தியநாதனின் மால்குடி மெட்டோ குரலில் ஒலிக்கும் அசைகளோடு அந்தப் படியிலேயே நின்றுவிட்டது. சொல் இன்னும் வந்து சேராத பாட்டு அது. கருநாடக இசை மரபில் பொருட்சொல் இல்லாமல் ராகத்தை விரிக்கும் தானம் என்ற பகுதி உண்டு. வயலின் மேதை வி. லக்ஷ்மிநாராயணாவின் மகனான வைத்தியநாதனுக்குச் சொல்லற்ற குரலின் வலிமை வீட்டிலேயே கிடைத்த அறிவு. பெங்களூருவில் படமாகி 1987இல் வெளிவந்த, உரையாடலே இல்லாத ‘பேசும் படம்’ திரைப்படத்துக்கும் இசை அவருடையதே என்பது இங்கு எண்ணத்தக்கது.

கதைமாந்தர் பாடாத படைப்பை இசைநாடகம் எனலாமா என்ற மறுப்பு நியாயமானது. இலக்கணப்படி அது இசைநாடகம் ஆகாது. ஆயினும் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனின் தொண்டையிலிருந்த பாட்டு இங்கே அவனைச் சூழ்ந்த ஊருக்கு இடம்பெயர்ந்தது என்று கொண்டால், மரபு அறுபடாமல் உருமாறியது விளங்கும். மகரக்கட்டால் அந்தக் குரலை எட்டவே முடியாது.

மீண்டு வருதல் என்ற நிகழ்வு இதனால் புதிய பொருள் பெறுகிறது. சங்கர் நாக் 1990இல் மறைந்தபின், கவிதா லங்கேஷ் இயக்கத்தில் ‘மால்குடி டேஸ்’ 2006இல் தூர்தர்ஷனுக்குத் திரும்பியது. அதே ஆண்டில் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘கனா காணும் காலங்கள்’ பள்ளித் தொடர், 2004இல் வந்த ‘7ஜி ரெயின்போ காலனி’ படத்தின் பாடலிலிருந்து தன் பெயரைப் பெற்றது. அது 2022இல் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் புதிய மாணவர்களோடு மீண்டது. பாடலாசிரியர் நா. முத்துக்குமாரின் அத்தலைப்பை வாசித்த மாத்திரத்தில் தமிழ் கேட்டு வளர்ந்தவருக்கு யுவன் சங்கர் ராஜாவின் மெட்டு உள்ளே ஓடத் தொடங்கும், தமிழ் அறியாதவருக்கு அது வெறும் பெயர். சொல்லோடு பிறந்த பாட்டு தன் மொழியினரிடம் ஆழமாகவும் அவர்களிடம் மட்டுமாகவும் திரும்புகிறது. பெங்களூரு போன்ற நகரில், தமிழும் கன்னடமும் உருதுவும் தெலுங்கும் பேசும் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமரும் பள்ளிகளில், இவ்வேறுபாடு கோட்பாட்டளவில் நின்றுவிடுவதில்லை. எந்தப் பாட்டை வகுப்பு முழுவதும் சேர்ந்து முனக முடியும் என்ற அன்றாட நடைமுறையாகவே அது உள்ளது.

சொல் வந்து சேராத பாட்டுக்கு நாராயணின் நாவலிலேயே ஒரு முன்குறிப்பு உண்டு. இறுதியில் ஊரைவிட்டுப் போகும் நண்பன் ராஜம் சுவாமியிடம் ஏதோ சொல்ல வாய் திறக்கிறான், அதற்குள் ரயில் நகரத் தொடங்கிவிட, சொல் அவன் உதட்டிலேயே நின்றுவிடுகிறது. ராஜம் தன்னை நினைப்பானா என்று சுவாமி கேட்க, கடிதம் எழுதுவதாகச் சொன்னான் என்கிறான் மற்றொரு நண்பனான மணி. அது மெய்தானா என்று சுவாமி மணியின் முகத்தை உற்றுப் பார்க்கிறான், அந்த முகத்திலிருந்து எதையும் அவனால் படித்தறிய முடியவில்லை.