ஒரே மீன், இரண்டு தீவுகள்

1864-இல் ‘நார்ஃபோக்’ என்ற பாய்மரக் கப்பல், பனிக்கட்டிக்கு நடுவே ஈரப்பாசியில் பொதிந்த மீன் முட்டைகளுடன் இங்கிலாந்திலிருந்து தெற்கே புறப்பட்டது. அனுப்பியவர்களின் ஆசையெல்லாம் சால்மன் மீதுதான். ட்ரவுட் முட்டைகள் கடைசி நேரத்தில் சேர்ந்தவை. கடலுக்குப் போன சால்மன் திரும்பவே இல்லை. ட்ரவுட்டோ தாஸ்மேனியாவின் ப்ளென்டி ஆற்றங்கரைக் குளங்களில் பொரிந்து, தீவெங்கும் ஊன்றிக்கொண்டது. 1867-இல் அங்கிருந்து முட்டைகள் நியூசிலாந்தின் தென்தீவுக்குப் போயின.

ஃப்ளை ஃபிஷிங்குக்காக (‘ஃப்ளை’ என்பது பூச்சி போலக் கட்டிய செயற்கை இரை) இந்த இரண்டு தீவுகளில் எதற்குப் போனாலும் தேடுவது ஒரே பழுப்பு ட்ரவுட்டைத்தான். பெரும்பாலும் ஓடையில் தானே முட்டையிட்டுப் பெருகியது. கடலோரத்திலும் மீன் ஒன்றே. தாஸ்மேனியர்களின் ‘ஆஸ்திரேலிய சால்மன்’தான் நியூசிலாந்துக்காரர்களின் கஹவாய். கரையில் நின்றே ஃப்ளையில் பிடிக்கலாம், முரட்டுத்தனமாக இழுக்கும். மீன் பொதுவாகிவிட்டதால், பயணத்தை முடிவு செய்பவை தண்ணீரும் காற்றும் சாலையும்தான்.

தாஸ்மேனியாவின் சிறப்பு ஏரிகள். நடு மேட்டுநிலத்தில், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில், கிரேட் லேக்கும் லிட்டில் பைன் லகூனும் இருக்கின்றன. மேற்கே நடந்தே போகவேண்டிய சிற்றேரிகள் நூற்றுக்கணக்கில். அங்கே வசந்தம் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. ஏரி நிரம்பிப் புல்தரைக்குள் ஏறும் அந்த நாட்களில், விடியற்காலையில் ட்ரவுட் கணுக்காலளவு நீருக்கே வந்து மண்புழுவையும் தவளையையும் மேயும். தலை புல்லுக்குள் இருக்கும், வால் நுனி மட்டும் நீருக்கு மேலே ஆடும். அதற்கு ஒரு முழம் முன்னால், சலனமில்லாமல் ஃப்ளையை இறக்க வேண்டும். வெயில் ஏறினால் மீன் உள்ளே போய்விடும்.

அதே மாதங்களில் டெர்வென்ட், ஹியூவன் கழிமுகங்களில் ஒயிட்பைட் என்னும் பொடிமீன் ஆற்றுக்குள் ஏறும். கடலில் கொழுத்து வெள்ளியாக மினுங்கும் ட்ரவுட் அதை விரட்டிக்கொண்டு வரும். மலைமேல் மேற்குக் காற்று பிடித்துக்கொண்டால் (கோடையிலும் அங்கே பனி விழுவதுண்டு) சில மணி நேரத்தில் கிழக்குக் கரைக்கு இறங்கிவிடலாம். மலை மறைப்பதால் அங்கே பெரும்பாலும் காற்று தணிந்திருக்கும். ஸ்வான்ஸி, செயின்ட் ஹெலன்ஸ் பக்கம் ப்ரீமும் ஃப்ளாட்ஹெட்டும் கிடைக்கும். ஒரு பக்கம் கெட்டால் மறுபக்கம் என்ற இந்த வசதியைத்தான் தாஸ்மேனியாவின் பெரிய பலமாகக் கருதுகிறேன்.

தென்தீவில் ஆறுதான் எல்லாம். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. நீரோட்டத்துக்கு எதிராக நடந்து, மீனைக் கண்ணால் கண்ட பிறகே வீசுவார்கள். லீடர் (ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நுனி இழை) நான்கு மீட்டருக்குக் குறையாது. முதல் வீச்சு தவறினால் அந்த மீன் போனதுதான். எண்ணிக்கையில் குறைவு, எடையில் அதிகம். பீச் மரங்கள் அளவுக்கு மீறி விதை உதிர்க்கும் ஆண்டுகளில் காட்டில் சுண்டெலி பெருகும். ஆற்றை நீந்திக் கடக்கும் எலிகளை விழுங்கி ட்ரவுட் இன்னும் பருத்துவிடும்.

கடலையும் சேர்க்க வேண்டுமானால் தீவின் வடமுனையே சரி. மோட்டுவெக்கா ஆற்றில் ட்ரவுட், தகாக்கா மலையைத் தாண்டினால் கோல்டன் பே. கோடையில் அங்கே கிங்ஃபிஷ் வரும். வஞ்சிரமல்ல, பாரைக் குடும்பத்து மீன். நீரேற்றத்தோடு மணல்திட்டுக்கு வரும் திருக்கையின் முதுகை ஒட்டியே அது நீந்தும். திருக்கை மணலைக் கிளற, வெளியே பாயும் இரையை இது கவ்விக்கொள்ளும். திருக்கையின் கரிய நிழலைக் கண்டு அதன் மேலே ஃப்ளையை வேகமாக இழுத்துவர வேண்டும். ட்ரவுட்டுக்கான 6-ஆம் எண் ராடு இதற்குத் தாங்காது, 10-ஆம் எண் வேண்டும். கடல் பாதியை மட்டும் எடைபோட்டால் இதற்கு இணை தாஸ்மேனியாவில் இல்லை. ஆனால் அந்த மலைச்சாலையை நம்பி நாளைக் குறுக்கிவிடக் கூடாது. 2018 பிப்ரவரியில் கீட்டா புயல் அதை அடைத்தேவிட்டது. இரண்டு நாளாவது உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை போகிறவருக்கு அக்டோபரில் தாஸ்மேனியாவையே சொல்வேன். வீச்சு கைவந்தவர் பிப்ரவரியில் தென்தீவுக்குப் போகலாம். இரண்டிலும் ட்ரவுட்டுக்கு உரிமம் எடுக்க வேண்டும். கடலில் ராடு வைத்துப் பிடிக்க உரிமம் தேவையில்லை, ஆனால் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு.

இரண்டையும் ஒரே பயணத்தில் பார்ப்பவர் தாஸ்மேனியாவை முதலில் முடிப்பது நல்லது. டிடிமோ என்ற பாசி 2004-இல் தென்தீவின் ஆற்றில் கண்டுபிடிக்கப்பட்டு, பல ஆறுகளில் கல்லைப் போர்த்திப் பரவிவிட்டது. ஈரமான ஒரு பூட்ஸே அதைச் சுமக்கப் போதும். ஃபெல்ட் அடி வைத்த பூட்ஸுக்கு நியூசிலாந்து ஆறுகளில் தடை இருப்பதும் அதனால்தான். ரப்பர் அடியுள்ளதை வாங்கி, கழுவி, முழுக்க உலர்த்தி எடுத்துப் போங்கள்.