ரயில்வே தொடர்

ரயில்வே தொடர்: பேசும் நீராவி எஞ்சின்களைப் பாத்திரங்களாகக் கொண்ட ஆங்கிலச் சிறுவர் கதைநூல் வரிசை. ஆங்கிலிக்கன் பாதிரியார் வில்பர்ட் ஆட்ரி (1911–1997), தட்டம்மையில் படுத்திருந்த மகன் கிறிஸ்டோபருக்குச் சொன்ன கதைகளிலிருந்து இது பிறந்தது. முதல் நூல் 1945-இல் வெளிவந்தது. புகழ்பெற்ற எஞ்சினான தாமஸ் 1946-இல் வந்த இரண்டாம் நூலில்தான் முதன்மை பெற்றது. ஆட்ரி 1972 வரை 26 நூல்கள் எழுதினார்; பின்னர் கிறிஸ்டோபர் 16 நூல்கள் சேர்த்தார்.

கதைக்களம் சோடோர். இங்கிலாந்துக்கும் மான் தீவுக்கும் இடையே அமைந்ததாகக் கற்பிக்கப்பட்ட தீவு இது. பல கதைகள் உண்மையில் நடந்த ரயில் சம்பவங்களைத் தழுவியவை. படங்களிலும் கதைகளிலும் இருந்த முரண்களை வாசகர்கள் விடாமல் சுட்டிக்காட்டியதால், ஆட்ரி தீவுக்கு வரைபடமும் வரலாறும் வகுத்தார். தம்பி ஜார்ஜுடன் சேர்ந்து உருவாக்கிய சோடோர் பற்றிய நூல் 1987-இல் வெளியானது. எந்த எஞ்சின் எந்த உண்மையான வகையைச் சார்ந்தது என்பது ரசிகர்களின் தீராத விவாதப் பொருள். 1984-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் இக்கதைகளை உலகெங்கும் கொண்டுசென்றது.