வெங்காய மலர் (உணவு)

வெங்காய மலர் என்பது ஒரு முழுப் பெரிய வெங்காயத்தை இதழ் விரிந்த பூவைப் போல வெட்டி, மாவில் புரட்டி, எண்ணெயில் மூழ்கப் பொரித்துச் செய்யப்படும் அமெரிக்க உணவாகும். முதன்மை உணவுக்கு முன் பரிமாறப்படும் இதனைப் பலர் பகிர்ந்து, இதழ் இதழாகப் பிய்த்து, காரமான சாஸில் தோய்த்து உண்பர்.

வரலாறு

1988 ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் தொடங்கப்பட்ட அவுட்பேக் ஸ்டேக்ஹவுஸ் உணவகத்தின் மூலம் இவ்வுணவு பரவலாக அறியப்பட்டது. அங்கு இதன் பெயர் 'புளூமின் ஆனியன்' ஆகும். அவ்வுணவகம் ஆஸ்திரேலியச் சூழலைத் தனது ஒப்பனையாகக் கொண்டிருப்பினும், இவ்வுணவு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்ததன்று. டெக்சாஸ் ரோட்ஹவுஸ் உணவகங்களில் இத்தகைய உணவு 'காக்டஸ் பிளாசம்' எனப்படுகிறது.

தேவையான பொருட்கள்

- பெரிய வெங்காயம் (10 செ.மீ. குறுக்களவு) – 1
- மைதா மாவு – 2 கோப்பை
- மிளகாய்த்தூள் – 1 தேக்கரண்டி
- பாப்ரிக்கா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள்) – 1 மேசைக்கரண்டி
- மிளகுத்தூள், சீரகத்தூள், பூண்டுத்தூள் – தலா ½ தேக்கரண்டி
- உப்பு – 1½ தேக்கரண்டி
- முட்டை – 2
- பால் – 1 கோப்பை
- பொரிக்க எண்ணெய்

வெங்காயம் உருண்டையாகவும் இறுக்கமாகவும் இருத்தல் வேண்டும். கந்தகச் சேர்மங்கள் குறைந்த இனிப்பு வகைகள் காரமின்றிச் சுவையாக இருக்கும். ஜார்ஜியா மாநிலத்தின் விடாலியா வெங்காயம் இதற்கு எடுத்துக்காட்டு.

செய்முறை

1. வெங்காயத்தின் மேல்முனையில் 1 செ.மீ. அளவு நீக்கித் தோலுரிக்க வேண்டும். வேர்முனையை வெட்டக்கூடாது, இதழ்கள் அனைத்தையும் சேர்த்துப் பிடிப்பது அதுவே.
2. வெட்டிய பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, வேரிலிருந்து 1 செ.மீ. தள்ளிக் கத்தியை ஊன்றிப் பலகை வரை நேராக வெட்ட வேண்டும். முதலில் நான்கு, அவற்றின் இடையே நான்கு, மீண்டும் இடையே எட்டு என மொத்தம் 16 வெட்டுகள் இடப்படும்.
3. வெங்காயத்தைத் திருப்பி, பனிக்கட்டி நீரில் ஒரு மணி நேரம் மூழ்க வைத்தால் இதழ்கள் விரியும். பின்னர் கவிழ்த்து நீரை வடித்து, துணியால் நன்கு ஒற்ற வேண்டும்.
4. மாவுடன் உப்பையும் தூள்களையும் கலந்து, ஒவ்வோர் இதழின் இடையிலும் படுமாறு தூவி, மிகுதியை உதிர்க்க வேண்டும். அடுத்து, முட்டையும் பாலும் அடித்த கலவையில் முழுவதும் நனைத்து, மீண்டும் மாவைத் தூவ வேண்டும். முதல் மாவு ஈரத்தை உறிஞ்சிக் கலவை ஒட்ட உதவுகிறது. இரண்டாவது மாவு மொறுமொறுப்பைத் தருகிறது.
5. குளிர்பதனப் பெட்டியில் 15 நிமிடங்கள் வைத்தால் மாவு உதிராது.
6. எண்ணெயை 190 °செ. வரை சூடாக்கி, துளையுள்ள அகன்ற கரண்டியால் வெங்காயத்தை இதழ்ப்பக்கம் கீழாக மெல்ல இறக்க வேண்டும். மூன்று முதல் நான்கு நிமிடங்களில் திருப்பி, மேலும் அவ்வளவு நேரம் பொன்னிறமாகப் பொரித்து வடிக்க வேண்டும்.

தொட்டுக்கொள்ளும் சாஸ், மயோனைஸுடன் தக்காளி சாஸ், பாப்ரிக்கா, குதிரைமுள்ளங்கி எனப்படும் காரமான வேரின் துருவல் ஆகியவற்றைக் கலந்து செய்யப்படுகிறது.

குறைகளும் காரணங்களும்

வெங்காயத்தின் எடையில் ஏறத்தாழ 89 விழுக்காடு நீராகும். சூடான எண்ணெயில் இந்நீர் ஆவியாகி வெளியேறும்வரை எண்ணெய் உட்புகுவது தடுக்கப்படுகிறது. சூடு குறைந்தால் ஆவி வலுவிழந்து, மாவு எண்ணெயில் ஊறிவிடும். சூடு மிகுந்தால் வெளிப்புறம் கருகி, நடுப்பகுதி பச்சையாக இருக்கும். ஆகையால் வெங்காயத்தை இட்டபின் சூடு 175 °செ. அளவில் நிலைத்திருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வெங்காயத்தை மட்டும் பொரிப்பது நன்று.

பாதுகாப்பு

ஒரு முழு வெங்காயத்தை இடும்போது நீராவியால் எண்ணெய் பொங்கும். எனவே ஆழமான பாத்திரத்தில் பாதி அளவுக்குமேல் எண்ணெய் ஊற்றக்கூடாது. எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றுவது பெருந்தீங்கு விளைவிக்கும். நீர் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைச் சிதறடிக்கும். அடுப்பை அணைத்து, உலோக மூடியால் பாத்திரத்தை மூட வேண்டும்.

ஊட்டம்

மாவும் எண்ணெயும் சாஸும் சேர்வதால், உணவகங்களில் பரிமாறப்படும் ஒரு முழு வெங்காய மலர் 1,500 கலோரிக்கு மேற்பட்ட ஆற்றலைக் கொண்டிருக்கக்கூடும். இது ஒருவரின் அன்றாடத் தேவையில் பெரும்பகுதியாகும். எனவே நான்கு பேரேனும் பகிர்ந்து உண்பது பொருத்தமானது.