கோப்பு அழியவில்லை, பிழையான மென்பொருளில் திறந்திருக்கிறது

கடந்த மாதம் கிளிநொச்சியில் ஒரு வீட்டுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். 2009 இல் காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடிக்கொண்டிருக்கும் அம்மா அவர். கதைத்து முடித்து எழும்பும்போது, "தம்பி, உங்களுக்குக் கொம்பியூட்டர் தெரியும்தானே, இதை ஒருக்காப் பாருங்கோ" என்று சொப்பிங் பையொன்றை நீட்டினார். உள்ளே ஒரு இறுவட்டு. 2004 இல் மூத்த மகளின் சாமத்திய வீட்டில் எடுத்த வீடியோ. மகன் நடப்பதும் சிரிப்பதும் அதில் மட்டும்தான் இருக்கிறது. மற்றவையெல்லாம் அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள்.

பக்கத்து வீட்டுப் பெடியனின் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தபோது, வீடியோவுக்குப் பதிலாகத் திரை நிறையப் புரியாத எழுத்துகள் வந்தனவாம். "கறப்ட் ஆகிட்டுது" என்று ரவுணில் ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். நல்லகாலம், அம்மா அதை எறியவில்லை.

இறுவட்டில் பழுது எதுவும் இருக்கவில்லை. அந்தக் காலத்து வீசிடிகளில் வீடியோ 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டருக்குள், 'டி-ஏ-ரி' என்று முடியும் பெயரோடு இருக்கும். அந்த முடிவை விண்டோஸுக்கு அடையாளம் தெரியாது. எதால் திறப்பது என்று அது கேட்டபோது, பெடியன் எழுத்துகளைத் திறக்கும் நோட்பாடைத் தெரிவுசெய்து, 'எப்போதும்' என்பதையும் அழுத்திவிட்டான். அவ்வளவுதான் நடந்தது.

ஒரு கோப்பை எந்த மென்பொருளால் திறப்பது என்று விண்டோஸ் முடிவெடுப்பது, பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வரும் இந்த மூன்று நான்கு எழுத்துகளைப் பார்த்துத்தான். இந்த வாலைச் சாதாரணமாக மறைத்தே வைத்திருக்கும். ஃபைல் எக்ஸ்புளோரரில் 'வியூ' என்பதற்குள் 'ஃபைல் நேம் எக்ஸ்ரென்சன்ஸ்' என்பதைத் தெரிவுசெய்தால் தெரியும். 'எப்போதும்' என்று கொடுத்தால் அதே வாலுள்ள எல்லாக் கோப்புகளுக்கும் அது பொருந்தும். ஒரு படத்துக்குப் பிழையாகக் கொடுத்துவிட்டு, எல்லாப் படங்களும் அழிந்துவிட்டன என்று அழுதவர்களை எனக்குத் தெரியும்.

திருத்துவது சுலபம். கோப்பின் மீது வலது கிளிக் செய்து, 'ஓப்பின் வித்', பிறகு 'சூஸ் அனதர் அப்' என்று போய், சரியான மென்பொருளைத் தெரிவுசெய்து 'ஆல்வேய்ஸ்' கொடுங்கள். விண்டோஸ் 10 இல் அதற்குப் பதிலாகக் கீழே ஒரு சிறு பெட்டியில் சரி போட வேண்டும். வீசிடிக் கோப்புக்கு மட்டும் 'எப்போதும்' வேண்டாம். டி-ஏ-ரி என்ற வாலை வேறு பல மென்பொருள்களும் தம் தேவைக்குப் பயன்படுத்துகின்றன. இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரில் ஒருமுறை திறந்தால் போதும். பழைய கைத்தொலைபேசிகளின் 3ஜிபி வீடியோக்களும் அதில் ஓடும்.

பயப்பட வேண்டிய இடம் வேறு. பிழையான மென்பொருளில் திறப்பதால் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. அங்கே வைத்து 'சேவ்' கொடுத்தால்தான் உள்ளே இருப்பது சிதையும். பிறகு எந்த மென்பொருளாலும் மீட்பது கடினம். இறுவட்டில் எழுத முடியாது என்பதால் அந்த வீடியோ தப்பியது. பென்ட்ரைவில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. ஆகவே, புரியாத எழுத்துகள் வந்தால் எதையும் சேமிக்காமல் மூடிவிட்டு, முதலில் ஒரு பிரதி எடுங்கள். வாலை மாற்றி எழுதிப் பார்ப்பதென்றாலும் பிரதியில் செய்யுங்கள். வாலை மாற்றுவதால் கோப்பின் வகை மாறாது.

வாலே இல்லாத கோப்பென்றால், அதன் பிரதியை நோட்பாடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். சதவீதக் குறியோடு 'பிடிஎஃப்' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது பிடிஎஃப். 'ஜேஎஃப்ஐஎஃப்' அல்லது 'எக்ஸிஃப்' என்று இருந்தால் பெரும்பாலும் புகைப்படம். 'பிகே' என்று தொடங்கினால் ஸிப் கோப்பாகவோ 2007 இற்குப் பிந்திய வேர்ட் கோப்பாகவோ இருக்கலாம். கோப்பின் அளவு பூச்சியம் என்று காட்டினால் மட்டும் உள்ளே ஒன்றுமில்லை.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்றும் உண்டு. மீள்குடியேறிய காலத்தில் ரைப்பிங் கடைகளில் அடித்த முறைப்பாட்டுக் கடிதங்கள் பலவும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. இன்று வேர்டில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். அங்கே மென்பொருள் சரி, எழுத்துருதான் இல்லை. பாமினியை நிறுவினால் கடிதம் வந்துவிடும். மின்னஞ்சலில் அனுப்புவதென்றால் யூனிகோடுக்கு மாற்றிய பிரதியை அனுப்புங்கள். பழைய கோப்பை அழிக்க வேண்டாம், திகதி காட்ட அது தேவைப்படும்.

இறுவட்டை என் கணினிக்குப் பிரதி எடுத்து விஎல்சியில் போட்டேன். பந்தியில் ஒரு மெல்லிய பெடியன் வாழையிலை போட்டுக்கொண்டு வந்தான். "அதிலை நிப்பாட்டுங்கோ" என்றார் அம்மா. நிறுத்தினேன். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இனி ஓடவிடுங்கோ" என்றார்.

இரண்டு பென்ட்ரைவில் பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒன்று வவுனியாவில் இருக்கும் மகளிடம் போகிறது. இறுவட்டு திரும்பவும் அதே சொப்பிங் பைக்குள்.