சாவடி

சென்னையிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி என்று அடுத்தடுத்து வரும். சாவடி என்றால் முன்பு வழிப்போக்கர் தலைசாய்க்கும் கட்டடம். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசுமிடம். தெலுங்கிலும் சாவடிதான். ஆங்கிலேயர் இதையே ‘சௌல்ட்ரி’ ஆக்கினார்கள். அந்தக் காலத்து மதராஸில் கம்பெனிக்காரர்கள் நடத்திய சில்லறை வழக்கு மன்றத்துக்கும் சௌல்ட்ரி கோர்ட் என்றே பெயர். இளைப்பாற வந்தவனை நிறுத்தி விசாரிக்கும் வழக்கம் இந்தச் சொல்லுக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான் என்பது என் ஊகம்.

பிறகு சுங்கச்சாவடி, சோதனைச்சாவடி. வேலூரிலிருந்து சித்தூர் போகும் சாலையில் எல்லைக்கு நம் பக்கம் கிறிஸ்டியான்பேட்டை, ஆந்திரப் பக்கம் நரஹரிபேட்டை. சோதனைச்சாவடி என்பது பத்திரிகைத் தமிழ். லாரிக்காரர்களுக்கு அது இரு மொழியிலும் ‘செக்போஸ்ட்’. கிளீனர் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்ப்பார், டிரைவர் பேப்பர்களோடு இறங்குவார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் வணிகவரிச் சாவடிகள் போயின. மற்றவை முழுதாகப் போய்விடவில்லை.

1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது இங்கே மாநில எல்லை கிடையாது. எல்லாமே சென்னை மாகாணம். 1953இல் ஆந்திரம் பிரிந்தது. எல்லைப் பிரச்சினையில் படாஸ்கர் தந்த பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்கு வந்தது, சித்தூர் அங்கேயே நின்றது. பெண் கொடுத்து எடுப்பது மட்டும் நிற்கவில்லை. சித்தூர்க்காரர்களுக்கு உடம்புக்கு முடியாவிட்டால் இன்றும் வேலூர் சிஎம்சிதான்.

அதனால்தான் 2020 ஏப்ரல் கடைசியில் நடந்தது அத்தனை உறுத்தியது. கொரோனா ஊரடங்கில் குடியாத்தம்–பலமனேர் சாலையில் சைனகுண்டாவிலும், பொன்னைப் பக்கம் மாதாண்டகுப்பத்திலும் வேலூர் மாவட்ட நிர்வாகம் சாலைக்குக் குறுக்கே ஹாலோ பிளாக் சுவரே கட்டிவிட்டது. சாவடியில் காவலரிடம் கெஞ்சலாம், ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டலாம். சுவரிடம் எதைக் காட்டுவது? சித்தூர் அதிகாரிகள் ஆட்சேபிக்க, ஓரிரு நாளில் இடித்துவிட்டார்கள்.

சாவடியில் நடக்கும் இதே சோதனை திருப்பதியில் மலையடிவாரத்து அலிபிரியிலும் உண்டு. மூட்டையை இயந்திரத்தில் விடவேண்டும், பீடி சிகரெட் இருந்தால் போச்சு. மலையேறுகிறவர்கள் யாரும் முகம் சுளிப்பதில்லை. அங்கே நிறுத்தினாலும் மேலே விடுவார்கள் என்று தெரியும். கிறிஸ்டியான்பேட்டையில் அந்த உறுதி வண்டிக்கு வண்டி மாறும்.