செப்பனிடக் கடன்: பிரான்சின் பொது வங்கியும் அதன் எல்லையும்

2018 மே 15 அன்று, ஆர்ஜொந்தெயைப் பாரிசுடன் இணைக்கும் ஆ15 நெடுஞ்சாலையில், ஜென்வில்லியே மேம்பாலத்தை ஒட்டிய தாங்குசுவரின் ஒரு பகுதி சரிந்தது. பாரிசுக்குப் போகும் வழி பல மாதங்கள் திணறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் இத்தாலியின் ஜெனோவாவில் பாலம் இடிந்து 43 பேர் மாண்டனர். இப்படி ஏதேனும் நடந்தால், பழுதுபார்ப்பதற்கென்றே ஒரு தேசியப் பொது வங்கி வேண்டும் என்ற யோசனை எழுவது வழக்கம். பிரான்சில் ஏறத்தாழ அப்படியொரு நிறுவனம் இருநூறு ஆண்டுகளாக இருக்கிறது. இருந்தும் பாலங்கள் ஏன் சீரழிகின்றன?

கேஸ் தே தெப்போ என்ற அந்த நிறுவனம் 1816 ஏப்ரல் 28-ஆம் நாள் சட்டத்தால் பிறந்தது. நெப்போலியன் காலப் போர்களில் கசானா காலியான அனுபவத்தால், மக்கள் ஒப்படைத்த பணத்தில் அரசாங்கம் கைவைக்காதபடி அது நாடாளுமன்றக் கண்காணிப்பில் வைக்கப்பட்டது. அதன் ஊற்று லிவ்ரே ஆ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கு. உச்சவரம்பு 22,950 யூரோ. யார் வந்து கேட்டாலும் அஞ்சல் வங்கி கணக்குத் திறந்தாக வேண்டும். அங்கே ஒன்றரை யூரோவைக்கூடப் போடலாம், எடுக்கலாம். இந்தச் சேமிப்பில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு கேஸ் தே தெப்போவில் குவிந்து, நாற்பது ஆண்டு அல்லது அதற்கும் நீண்ட தவணையில் சமூகக் குடியிருப்புகளுக்குக் கடனாகிறது. ஆர்ஜொந்தெயின் வால் தர்ஜோன் அடுக்குமாடியில் குடியிருக்கும் தமிழர் ஒருவர் அஞ்சலகத்தில் போட்ட காசு அவர் வீட்டுக் கூரைக்கே திரும்பி வந்தாலும் வியப்பில்லை. இதில் உரசலும் உண்டு. கடன் வட்டி சேமிப்பு வட்டியைப் பின்தொடர்வதால், 2022 சனவரியில் 0.5 விழுக்காடாக இருந்த லிவ்ரே ஆ வட்டி 2023 பிப்ரவரியில் 3 ஆனபோது, சேமித்தவர் மகிழ்ந்தார். குடியிருப்பு நிறுவனங்கள் தவித்தன.

வீட்டுக்கு வாடகை வருகிறது. குடிநீர்க் குழாய்க்குக் கட்டணம் வருகிறது. அதனால்தான் அக்குவா பிரே என்ற நீர்க்கடனை அறுபது ஆண்டு வரை நீட்ட முடிகிறது. சிற்றூர்ப் பாலம் ஒரு சதம்கூட ஈட்டாது. கடனை எதைக் கொண்டு அடைப்பது?

இதைவிடப் பெரிய தடை கணக்கேட்டில் இருக்கிறது. நகராட்சி முதலீட்டுக்கு மட்டுமே கடன் வாங்கலாம். நடப்புச் செலவுக்கு வாங்கக் கூடாது என்பது சட்டம். வடிகால் அடைப்பு எடுப்பதும் வேர்விட்ட செடியைப் பிடுங்குவதும் நடப்புச் செலவு. அவற்றைச் செய்யாமல் விட்டு, பாலமே தளர்ந்தபின் புதுப்பித்தால் அது முதலீடு. ஆக, முந்திக்கொண்டு செப்பனிடுபவருக்கு வங்கிக் கதவு மூடியிருக்கிறது. பொறுத்திருந்து சிதைய விடுபவருக்குத் திறக்கிறது. எவ்வளவு பெரிய மூலதனத்தோடு புது வங்கி தொடங்கினாலும் இந்த முரண் தீராது.

வங்கியே தடம்புரளும் ஆபத்தும் உண்டு. கேஸ் தே தெப்போவின் நிழலில் 1966-இல் எழுந்த உள்ளாட்சிக் கடன் அமைப்பு தனியார்மயமாகி, 1996-இல் தெக்சியா என்ற வங்கிக்குள் கலந்தது. சுவிஸ் பிராங்க் மாற்றுவிகிதத்தோடு வட்டியைப் பிணைத்த கடன்களை அது உள்ளாட்சிகளின் தலையில் கட்டியது. நம் மக்கள் நிறைந்த சேன்-சன்-தெனி மாவட்டம் வழக்குத் தொடர்ந்தது. 2008-இல் அரசுகள் அந்த வங்கியைத் தூக்கி நிறுத்தின. 2011-இல் அது உடைந்தது. இந்தியாவில் நீண்டகாலக் கடன் நிறுவனமான ஐசிஐசிஐ 2002-இல் வணிக வங்கியாக உருமாறிய பிறகு, 2021-இல் உள்கட்டமைப்புக்கெனப் புதிய தேசிய வங்கிக்குச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. இலங்கையின் தேசிய சேமிப்பு வங்கி 2013-இல் 75 கோடி டாலர் வெளிநாட்டுக் கடன் திரட்டியதும் உள்கட்டமைப்பின் பெயரால்தான். இத்தகைய பணத்தில் புதிதாகக் கட்டினால் திறப்புவிழா நடத்தலாம். பழுதுபார்த்ததற்கு யார் நாடா வெட்டுகிறார்கள்?

எனவே என் வாதம் குறுகியது. வங்கி வேண்டும், அதை விற்கவியலாதபடி சட்டம் கட்டிவைக்க வேண்டும். ஆனால் பாலக் கடனின் தவணையை மானியம்தான் சுமக்க முடியும். குறைந்தது 25,000 பாலங்கள் மோசமான நிலையில் உள்ளதாக 2019-இல் எச்சரித்த செனட் அறிக்கை, ஆண்டுக்கு 13 கோடி யூரோ வீதம் பத்தாண்டு நிதி கேட்டது. 2021-இல் தொடங்கிய தேசியப் பாலத் திட்டத்துக்குத் தொடக்கத்தில் கிடைத்தது 4 கோடி. அதுவும் பெரும்பாலும் ஆய்வுக்கு. பராமரிப்புக்குக் கடன் அனுமதித்தால் நகராட்சிகள் சம்பளத்துக்கும் கடன் வாங்கும் என்ற அச்சம் நியாயமானதே. தேசியத் திட்ட ஆய்வில் பாலத்துக்குப் பாலம் திறந்த பதிவேட்டில் குறிக்கப்பட்ட வேலைகளுக்கு மட்டும் கடன் என்று வரையறுத்து, வேலை முடிந்ததைப் பொறியாளர் சான்றளித்த பிறகே அடுத்த தவணையை விடுவித்தால், அந்த அச்சத்துக்கு இடமிராது.